தோழிக்கு என்ன சீர்?

மூன்றாம் ஆண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பத் துறை



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவையில் கேட்டபோது, "தறியைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடு, அதான் உனக்கு வரும்" என்றார்கள் என் தோழிகள். தறியைப் பற்றி எழுத எங்கள் துறையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது சினிமாவைப் பற்றி. அதிலும் சிரிப்புப் படம். அதிலும் பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்து சிரிக்கிற படம். உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கல்யாணம் இருக்கிறது, மாமியார் இருக்கிறார், புல்லட் வண்டி இருக்கிறது, பிணம்கூட ஒன்று இருக்கிறது.

படத்துக்குப் போகும் முன் ஒரு கேள்வி. நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுடைய தோழிக்கு என்ன வேலை?

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு கல்யாணம் நிச்சயமானால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஜாதகம் பொருந்தி, உறுதி வார்த்தை முடிந்து, உப்புச் சர்க்கரை மாற்றி, ஜவுளி எடுக்க வேன் பிடித்து, முகூர்த்தக்கால் நட்டு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இன்னார்தான் என்று ஆள் உண்டு. மாமன் வேண்டும், அத்தை வேண்டும், கட்டிக் கொடுத்த அக்கா வேண்டும், சீர் செய்து வைக்க அருமைக்காரர் வேண்டும். நான் ஜவுளி படிக்கிறவள் என்பதால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னையும் ஒரு தடவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அசல் பட்டா, ஆர்ட் சில்க்கா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாத்தாத்தான் சொல்ல முடியுமுங்க" என்றேன். கடைக்காரர் என்னை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குக் கடையில் நாங்கள் இருபது பேர். அதில் பத்தொன்பது பேர் கலர் சொன்னோம். மிச்சம் ஒரு ஆள்தான் கல்யாணப் பெண்.

அந்த இருபதில் அவளுடைய தோழி என்று யாரும் இல்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேனில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

கொங்கு வேளாளர் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மாப்பிள்ளையோடு இருந்து செய்துகொள்ளும் சீர் அது. பின்னாளில் தன் பிள்ளைக்கு உடன்பிறந்தவன் பிள்ளையைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்பதற்கு அடையாளம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். மற்ற பல சமூகங்களிலும் தாலியில் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது வழக்கம். இலங்கைத் தமிழர் கல்யாணத்தில் 'தோழன்', 'தோழி' என்ற பெயரிலேயே இரண்டு பேர் மணமேடையில் நிற்பார்கள். சரி, அங்கேயாவது தோழிக்கு இடம் இருக்கிறதே என்று பார்த்தால், தோழனாக நிற்பது பெரும்பாலும் பெண்ணின் சகோதரன், தோழியாக நிற்பது மாப்பிள்ளையின் சகோதரி! பெயர் தோழியுடையது, இடம் நாத்தனாருடையது.

நிஜமான தோழி எங்கே இருப்பாள்? முந்தின நாள் ராத்திரி மருதாணி வைத்து விடுவாள். ஜாக்கெட் டிசைனை போனில் தேடிக் கொடுப்பாள். மேடையில் பெண்ணுக்குப் பின்னால் நின்று மொய்க் கவர்களை வாங்கிப் பையில் போடுவாள். வீடியோக்காரர் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றால் தள்ளி நிற்பாள். மாப்பிள்ளையின் நண்பர்கள் கதை வேறு. மண்டபத்து வாசலில் ஆளுயரத்துக்கு ப்ளெக்ஸ் போர்டு வைத்து, அதில் வரிசையாகத் தங்கள் முகங்களைப் போட்டு, கூலிங் கிளாஸும் மாட்டி, சினிமா வசனத்தையும் எழுதிவிடுவார்கள். நம் கல்லூரி மாணவர்களே எத்தனை போர்டுகளில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று பஸ்ஸில் போகிற எங்களுக்குத் தெரியும்! பெண்ணின் தோழிகள் வைத்த போர்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் பழந்தமிழில் நிலைமையே வேறு. பத்தாம் வகுப்பில் மனப்பாடப் பகுதிக்காக நாம் படித்த சங்க இலக்கியத்தை நினைத்துப் பாருங்கள். அகப்பாட்டுகளில் தலைவியைவிட அதிகமாக வாய் திறப்பவள் தோழிதான் என்று தோன்றும். தலைவனைக் கேலி செய்வாள், மிரட்டுவாள், காக்க வைப்பாள், "எப்பக் கட்டிக்கப் போற?" என்று நேராகவே கேட்பாள். அவளுக்கு ஒரு பெரிய வேலையும் உண்டு. தலைவியின் காதலை நேரம் பார்த்துச் செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். செவிலி நற்றாயிடம் சொல்வாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு நடக்கும். இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று இலக்கணத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடி. முழுக்க முழுக்கத் தோழி செவிலியிடம் பேசுகிற பேச்சு அது. விஷயத்தைச் சொல்ல வந்தவள் நடுவில் 99 பூக்களின் பெயரை அடுக்குகிறாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சேதி சொல்ல வந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடிப்பது போலத்தான். ஆக, தோழி இல்லாமல் தலைவிக்குக் கல்யாணமே நடக்காத ஒரு காலத்தை நம் புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். அந்தத் தோழி எப்படி மருதாணிக் கிண்ணத்தோடு மூலைக்குப் போனாள்?

சினிமாவிலும் அவள் மூலையில்தான் இருந்தாள். கதாநாயகி பாட்டுப் பாடும்போது பின்னால் வரிசையாக ஆடும் எட்டுப் பேர்தான் 'தோழிகள்'. பாட்டு முடிந்தால் அவர்களும் முடிந்தார்கள். இரண்டு பெண்களின் பாசத்தைக் கதையாகவே எடுத்த படங்கள் உண்டு. அவற்றில் கட்டாயம் யாராவது அழ வேண்டும். ஸ்ரீதர் எடுத்த 'கல்யாண பரிசு' (1959) அதற்கு நல்ல உதாரணம். அக்காவுக்காகத் தங்கை தன் காதலனையே விட்டுக் கொடுக்கிறாள். விஜயகுமாரியும் சரோஜாதேவியும் அழுத அழுகையில் தியேட்டரே நனைந்தது என்பாள் எங்கள் அம்மாயி. அதே படத்தில் சிரிப்பு யாரிடம் இருந்தது? தங்கவேலுவிடம். அவருக்கு ஜோடியாக எம். சரோஜா. பெண்கள் சிரிக்க வைத்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். டி.ஏ. மதுரம், டி.பி. முத்துலட்சுமி, மனோரமா, நம்ம கொங்கு பாஷையிலேயே பின்னி எடுக்கும் கோவை சரளா என்று பெரிய வரிசை இருக்கிறது. ஆனால் மதுரத்துக்குப் பக்கத்தில் கலைவாணர் இருப்பார். மற்றவர்களுக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் ஒரு ஆண் காமெடியன் இருப்பார். இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க இன்னொருத்தி முடித்து வைக்கிற சிரிப்பு நம் படங்களில் ரொம்பவும் அபூர்வம்.

அந்த அபூர்வம் 1994-ல் நடந்தது. படத்தின் பெயர் 'மகளிர் மட்டும்'. கமல்ஹாசன் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், இளையராஜா இசை, வசனம் கிரேஸி மோகன். (மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்க: கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர்!) ரேவதி கம்ப்யூட்டர் படித்த இன்ஜினீயர், ஊர்வசி டைப்பிஸ்ட், ரோகிணி அதே கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிற பாப்பம்மா. மேனேஜர் நாசர் பெண்கள் யாரையும் சும்மா விடுவதில்லை. சம்பளத்தில் மூவரும் மூன்று படியில் இருக்கிறவர்கள். ஒரே ஆளால் வந்த தொல்லை மூவரையும் ஒரே படியில் உட்கார வைக்கிறது. காப்பியில் எலி மருந்து கலந்துவிடுவதும், மேனேஜர் செத்துவிட்டார் என்று நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாருடைய பிணத்தையோ தள்ளிக்கொண்டு போவதும் பார்த்தவர்களுக்கு மறக்காது. பிணமாக நடித்தவர் நாகேஷ். ஒரு வசனம்கூட இல்லாமல், கண்ணைத் திறக்காமல், அவர் சிரிக்க வைத்த அளவுக்கு உயிரோடு இருக்கிற பல பேரால் முடியாது. இதன் மூலக்கதை 1980-ல் வந்த 'நைன் டு ஃபைவ்' என்ற அமெரிக்கப் படம். கதை அங்கிருந்து வந்தாலும் பாப்பம்மாவின் வாய் நம்ம ஊர் வாய்தான்.

அந்தப் படத்தில் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். மேனேஜர் செய்வது சிரிக்கிற விஷயமே இல்லை. அதையே சோகப் படமாக எடுத்திருந்தால் கடைசியில் ஒருத்தி தூக்கில் தொங்கியிருப்பாள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருப்போம். சிரிப்புப் படம் என்பதால் அவரை வீட்டில் கட்டிப்போட முடிகிறது, ஆபீஸைத் தாங்களே நடத்திக் காட்டவும் முடிகிறது. 'கல்யாண பரிசு' மாதிரிப் படத்தில் ஒருத்தி விட்டுக் கொடுத்தால்தான் பாசம். சிரிப்புப் படத்தில் யாரும் எதையும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை, சேர்ந்து திட்டம் போட்டால் போதும். பாசத்தைக் காட்டச் சிரிப்பு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

ஆனால் அந்தப் படத்தில் கல்யாண வேலை இல்லை. தோழியும் கல்யாணமும் ஒரே கதையில் வர வேண்டும் என்றால் என்ன ஆகும்? கொஞ்சம் வெளிநாடு போய் வருவோம்.

2011-ல் 'ப்ரைட்ஸ்மெய்ட்ஸ்' என்று ஒரு ஆங்கிலப் படம் வந்தது. கிறிஸ்டன் விக், ஆனி முமோலோ என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து எழுதிய கதை. திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போனது. கிறிஸ்தவக் கல்யாணங்களில் பெண்ணோடு ஒரே மாதிரி உடை உடுத்தி நிற்கும் தோழிகளைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. நம் சீர்வரிசையில் நாத்தனாருக்கு இடம் இருப்பது போல அங்கே தோழிக்கு முறைப்படி இடம் உண்டு. அதிலும் முதல் தோழி என்று ஒருத்தி உண்டு. கேக் கடை நடத்தி நொடித்துப்போன ஒருத்தி, தன் சிறுவயதுத் தோழியின் கல்யாணத்துக்கு அந்த முதல் தோழி ஆகிறாள். குறுக்கே பணக்காரத் தோழி ஒருத்தி புதிதாக வந்து எல்லாவற்றையும் இவளைவிடப் பெரிதாகச் செய்கிறாள். சண்டை, பொறாமை, துணிக்கடையில் நடக்கக் கூடாத கூத்து எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு இடம், இரண்டு ஆள். சிரிப்புக்கு அது போதும்.

இதை அப்படியே தமிழில் எடுத்தால் எடுபடுமா? எடுபடாது என்பேன். நம் கல்யாணத்தில் தோழிக்கு இடமே இல்லாதபோது எதற்காகச் சண்டை போடுவாள்? சண்டைக்கு உரிய இடங்கள் நம்மிடம் வேறு. மாமியார், நாத்தனார், அத்தை. 'எனக்கு எடுத்த சேலை ஏன் வெலை கம்மி?' என்பதுதான் நம்ம ஊர்ப் போட்டி. ஆகவே தமிழில் கல்யாணமும் பெண் சினேகமும் சேர்ந்த சிரிப்புப் படம் எடுக்க வேண்டுமானால் சொந்தபந்தம் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியைச் சரியாகப் பிடித்த படம் ஒன்று இருக்கிறது.

அதன் பெயரும் 'மகளிர் மட்டும்'தான். 2017 செப்டம்பரில் வந்தது. 'குற்றம் கடிதல்' எடுத்த பிரம்மா இயக்கியது, சூர்யாவின் 2டி நிறுவனம் தயாரித்தது. ஜோதிகா, ஊர்வசி, பானுப்பிரியா, சரண்யா பொன்வண்ணன் ஆகிய நாலு பேர்தான் படம். நான் டி.வி.யில் பார்த்தேன். ஜோதிகாவின் பெயர் பிரபா. ஆவணப்படம் எடுக்கிறவள், புல்லட் ஓட்டுகிறவள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவருடைய அம்மாதான் ஊர்வசி. கதையில் பெயர் கோமாதா. வழக்கமாக இந்தக் கட்டத்தில் மாமியாரும் மருமகளும் என்ன பேசுவார்கள்? நகை, சீர், ஜவுளி, மண்டபம். இங்கே மாமியார் தன் பள்ளிக்கூடத்துத் தோழிகள் இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறாள். சின்ன வயதில் பிரிந்தவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. வரப்போகிற மருமகள் தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஒருத்தி ஐதராபாத்தில், இன்னொருத்தி ஆக்ராவில். மாமியாரை அழைத்துக்கொண்டு அவளே கிளம்பிவிடுகிறாள்.

ஒரு நிமிஷம் இதை நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னாடி மருமகள் மாமியாருக்குச் செய்கிற சீர் இது. பட்டுப்புடவை இல்லை, வெள்ளிக் குத்துவிளக்கு இல்லை. இரண்டு தோழிகளைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்துகிறாள். இப்படி ஒரு சீரை எந்த அருமைக்காரரும் செய்து வைத்திருக்க மாட்டார்!

அந்த இரண்டு வீடுகளுக்குள் இவர்கள் நுழைகிற இடங்களில்தான் படம் நன்றாக இருக்கிறது. சரண்யாவுக்குக் குடிக்கிற கணவன், பார்த்துக்கொள்ள வேண்டிய மாமியார். பானுப்பிரியா பெரிய குடும்பத்து அம்மா, வீடு நிறைய ஆள் இருந்தும் அவள் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. அவர்கள் அழுகிற காட்சிகளும் உண்டு. ஆனால் பக்கத்தில் ஊர்வசி இருக்கிறாரே! அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தையை இழுத்தால் அழுகிறவளும் சிரித்துவிடுவாள். ஊர்வசியின் படங்களை மட்டும் வரிசையாக வைத்தே ஒரு கதை சொல்லலாம். 1983-ல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' படத்தில் சின்னப் பையன்களைக் கூட்டம் சேர்த்துக்கொண்டு ஊரைக் கலக்குகிற பெண். பஞ்சாயத்தில் ஒரு பொய்யைச் சொல்லிக் கல்யாணத்தையும் முடித்துக்கொள்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் கூட்டாளிகள் எல்லாம் பொடிப் பையன்கள். 1994-ல் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர். 2017-ல் அவரே மாமியார், தோழிகள் கிடைக்க மருமகள் வர வேண்டியிருக்கிறது.

படத்தில் குறையும் உண்டு. மூன்று பேருக்கும் கஷ்டத்தைச் சரிசமமாகப் பங்கு போட்டுக் கொடுத்தது கொஞ்சம் செயற்கை. பிரபாவுக்குத் தெரியாத விஷயமே இல்லை என்பது போலக் காட்டுவதும் எனக்கு ஒட்டவில்லை. ஒரு புல்லட்டும் கையில் காசும் இருந்தால் நாங்களும்தான் எல்லாருக்கும் புத்தி சொல்வோம்.

ஒரு சின்ன விஷயத்தில் இயக்குநர் என்னைப் பிடித்துவிட்டார். அந்த மூன்று பேரும் பிரியக் காரணம் ஒரு சினிமா. விடுதியிலிருந்து திருட்டுத்தனமாகப் போய் 1978-ல் வந்த 'அவள் அப்படித்தான்' பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். அதை இயக்கிய ருத்ரய்யா நம்ம சேலம் மாவட்டத்துக்காரர். மொத்தம் இரண்டே படம் எடுத்தார், 2014-ல் காலமானார். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா நடித்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு மாதிரி ஒரு பெண்ணை அதற்கு முன் தமிழ் சினிமா காட்டியதில்லை என்பார்கள். தைரியமாகப் பேசுவாள், வேலைக்குப் போவாள், யாருக்கும் பணிய மாட்டாள். ஆனால் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும். மஞ்சுவுக்கு மனசு விட்டுப் பேச ஒரு தோழிகூட இல்லை. அவள் மனதைத் திறப்பதெல்லாம் ஆண்களிடம்தான். கடைசிக் காட்சியில் காரில் கமலுடைய புது மனைவியிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீ நிம்மதியாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு மஞ்சு ரோட்டில் இறங்கிக்கொள்கிறாள். கார் போய்விடுகிறது. ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒருத்தி ரோட்டில் நிற்கிறாள், இருவருக்கும் நடுவில் பேச ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததற்காகப் பிரிந்த மூன்று பேரை, அதற்குப் பல வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்து இந்தப் படம் சேர்த்து வைக்கிறது.

சாக்கு என்று சொன்னேன் இல்லையா, அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எங்கம்மாவுக்கு ஒரு தோழி இருந்தார்கள். இரண்டு பேரும் ராசிபுரம் பக்கம் சேகோ ஃபேக்டரியில் கிழங்குத் தோல் உரித்தவர்கள். ஒரே தூக்குப்போசியில் சோறு தின்றவர்கள். அந்த அம்மாவை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். எங்கம்மா இங்கேயே வாக்கப்பட்டார்கள். பஸ்ஸில் போனால் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. காசு இல்லாமல் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, ரெண்டு மூணு பஸ் மாறினால் பாதி வழியாவது சும்மாவே போகலாம். "போயிட்டு வாங்களேம்மா" என்றேன். "என்னன்னு சொல்லிட்டுப் போறது?" என்றார்கள்.

இந்தப் பதிலைப் பல நாள் யோசித்தேன். நம்ம பக்கம் ஒரு பொம்பளை வீட்டை விட்டு ஒரு நாள் கிளம்ப வேண்டுமானால் ஒரு விசேஷம் வேண்டும். கல்யாணம், காதுகுத்து, எழவு, கோயில் பண்டிகை, ஆஸ்பத்திரி. இதில் எதுவாக இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். 'என் சினேகிதியப் பாக்கப் போறேன்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணம் என்பது பெண்களின் சினேகத்தைப் பிரிக்கிற விஷயம் என்றே நாம் நினைக்கிறோம். நிஜத்தில் பிரிந்தவர்கள் திரும்பப் பார்த்துக்கொள்வதும் இன்னொரு கல்யாண மண்டபத்தில்தான், பந்திக்கும் கை கழுவுகிற இடத்துக்கும் நடுவில் அஞ்சு நிமிஷம். 2017 படம் அந்த அஞ்சு நிமிஷத்தை மூன்று நாலு நாளாக இழுத்துப் பார்க்கிறது. கல்யாணம் நடக்கப் போகிறது என்பதால்தான் மருமகளுக்கு மாமியாரை அழைத்துப் போக உரிமை வருகிறது. தோழியாக வந்திருந்தால் அந்த வீட்டு வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

இதில் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் முதல் வருஷம் சேர்ந்த பெண்களில் ஒருத்தி நாலாவது செமஸ்டர் முடிந்ததும் வரவில்லை. பத்திரிகை வந்தது, ஆறு பேர் காசு போட்டுச் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனோம். கியூவில் நின்று மேடை ஏறி, போட்டோ எடுத்து, இறங்கிவிட்டோம். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் அவள் பெயர் இருக்கிறது, எப்போதாவது ஒரு குட்மார்னிங் வரும். அவள்தான் எங்களுக்கு நெசவுக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று சுலபமாக மனதிலேயே போடுவாள்.

அரசாங்கம்கூட மாறிவிட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். படித்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும், 2011-க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். பட்டதாரிக்கும் டிப்ளமோ முடித்தவளுக்கும் ஐம்பதாயிரம். 2022-ல் அதே அம்மையார் பெயரில் அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். புதுமைப்பெண் பணம் என்று நாங்கள் சொல்வது அதுதான். என் படிப்புக்கு வீட்டில் ஒத்துக்கொண்டதில் அந்த ஆயிரத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இருந்தாலும் கடைசி செமஸ்டர் நெருங்க நெருங்க, "படிப்பு முடியுதில்ல, அடுத்து என்ன?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது வேலையைப் பற்றி இல்லை என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் செமினார் ஹாலில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறீர்கள். சண்டைப் படமாகவே பார்த்து எங்களுக்கும் அலுத்துவிட்டது. இந்த வருஷம் இரண்டு 'மகளிர் மட்டும்' படத்தையும் போடலாம். ஒரே நாளில் வேண்டாம், அடுத்தடுத்த வெள்ளிக்கிழமை போடுங்கள். முதலில் 1994, பிறகு 2017. சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸை விட்டால் எங்களுக்கு அடுத்த பஸ் ஆறரைக்குத்தான், ஆகவே மதியம் ஒன்றரைக்கே ஆரம்பித்துவிடுங்கள். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பெஞ்ச் பிரிக்க வேண்டாம். நாலாவது செமஸ்டரோடு நின்றுபோனவளுக்கும் ஒரு அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுங்கள். 'கல்லூரி விழா' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அதைக் காட்டினால்தான் அவள் வீட்டில் அனுப்புவார்கள். எங்கம்மா தோழிக்கும் ஒன்று தனியாக வாங்கிக்கொள்கிறேன்.